ஆக்சிஜன் நிலைத்தது பாசியாலா, பாறையாலா?

பசுமலை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பதினோராம் வகுப்பு மாணவியர் பூமியின் தொடக்க கால உயிர்களைப் பற்றி ஒரு விளக்கப் பலகை எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ள மூன்று வாக்கியங்கள் இவை: ‘240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசி தோன்றி ஆக்சிஜனை வெளியிடத் தொடங்கியது. அந்த ஆக்சிஜனால் கடலில் கரைந்திருந்த இரும்பு துருவாகி அடியில் படிந்து இன்றைய இரும்புத் தாது ஆயிற்று. அதுவரை வாழ்ந்த உயிர்களில் பெரும்பாலானவை அந்த நச்சு வாயுவால் மடிந்தன.’ பார்வையிட வந்த ஒருவர் மூன்றுமே தவறு என்று சொன்னார்; காரணம் கேட்பதற்குள் அடுத்த அரங்குக்குப் போய்விட்டார். இம்மூன்றும் பரவலாக எழுதப்படுபவைதாம். இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதைக் காரணத்துடன் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலூர் கல்வெளி:

டீச்சர் அவர்களுக்கு, முதல் வாக்கியத்தைப் பொறுத்தவரை வந்தவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 240 கோடி ஆண்டு என்பது பாசி பிறந்த காலம் அன்று, காற்றில் ஆக்சிஜன் முதன்முதலாகத் தங்கிய காலம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதிலிருந்துதான் மற்ற குழப்பங்கள் எல்லாம் கிளைக்கின்றன.

அந்தக் காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதை மாணவியருக்குக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் சான்று அதுதான். ஓசோன் இல்லாத வானில் எரிமலைகள் கக்கிய கந்தக டைஆக்சைடைப் புற ஊதாக் கதிர்கள் உடைத்தபோது, கந்தகத்தின் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள், வழக்கம்போலத் தத்தம் நிறைக்கேற்ற விகிதத்தில் பிரியாமல் விகிதம் பிறழ்ந்து பிரிந்தன. காற்றில் ஆக்சிஜனும் இல்லாததால் அப்பிறழ்வு கலைந்துபோகாமல் பாறை வரை வந்து சேர்ந்தது. ஆக்சிஜன் இருந்திருந்தால் கந்தகம் முழுவதும் சல்ஃபேட்டாகி, ஒன்றோடொன்று கலந்து, தடயமே அழிந்திருக்கும். 2000-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபர்குவாரும் உடன் ஆய்வாளர்களும் இத்தடயத்தைத் தொல்பாறைகளில் கண்டு வெளியிட்டார்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் அது இருக்கிறது, பிந்தைய பாறைகளில் இல்லை. இன்றைய ஆக்சிஜனில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே இத்தடயம் மறைந்துவிடும் என்று பாவ்லோவும் காஸ்டிங்கும் 2002-இல் கணக்கிட்டார்கள். ஆகவே ‘பெரும் ஆக்சிஜனேற்றம்’ என்று பெயர் பெரிதாக இருந்தாலும், நிச்சயமாகத் தெரிவது அந்தச் சிறிய வாசற்படியைக் காற்று தாண்டியது என்பது மட்டுமே. இன்றைய 21 விழுக்காட்டை அன்றே எட்டிவிட்டதாகப் பலகையில் யாரும் படித்துவிடக் கூடாது.

ஆற்றுக் கூழாங்கற்களும் இதையே சொல்கின்றன. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டிலும், நமக்கு அருகே கர்நாடகத்தின் பாபாபுதன் மலைத்தொடரின் அடிப்பகுதியிலும் உள்ள பழைய கூழாங்கல் பாறைகளில் பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடும் யுரேனினைட் என்னும் யுரேனியம் ஆக்சைடும் ஆற்றில் உருண்டு வந்த மணிகளாகக் கிடைக்கின்றன. ஆக்சிஜன் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் இன்றைய ஆறு எதிலும் இந்தக் கனிமங்கள் அவ்வளவு தூரம் கெடாமல் உருண்டு வருவது அரிது.

ஒத்தக்கடை நெல்வயல்:

கல்வெளி ஐயா இரண்டு காலங்களையும் பிரித்துக் காட்டியதை ஏற்கிறேன். ஆனால் அடுத்த பதிவில் அவர் ‘பாசி வெகு காலம் முன்பே இருந்தது, பாறைதான் ஆக்சிஜனை விழுங்கித் தாமதப்படுத்தியது’ என்று எழுதப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். அதை முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன்.

நெல் வயலுக்கு நீலப்பச்சைப் பாசியை உரமாக வளர்த்துக் கொடுக்கும் பணியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த உயிரின் வேகத்தைப் புவியியலாளர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பாசிக்கு முன்பும் ஒளிச்சேர்க்கை இருந்தது. அந்தப் பழைய பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கரைந்த இரும்பு ஆகியவற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பெற்றன. அப்பொருள்கள் கிடைத்த இடங்களிலேயே அவை பெருகவும் முடிந்தது. நீரை உடைப்பது அதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. இரண்டு ஒளி அமைப்புகளைத் தொடராக இணைத்து, நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட ஒரு சிறு கொத்தைக் கொண்டு, நான்கு ஒளித்துகள்களின் ஆற்றலை ஒன்றன்பின் ஒன்றாகச் சேமித்து, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியேற்ற வேண்டும். உயிரின் வரலாற்றில் இந்த ஏற்பாடு ஒரே ஒரு முறைதான் உருவாயிற்று என்பதே பெரும்பாலோர் கருத்து. அது கைகூடிய பின், கடல் முழுவதும் பரந்து கிடக்கும் நீரே மூலப்பொருள் என்றாகிவிட்ட ஓர் உயிர், 50 கோடி ஆண்டுகள் அடக்கமாக மூலையில் உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? பாசி பரவத் தொடங்கிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயேகூடப் பூமியைச் சூழ்ந்து வெப்பம் காத்த மீத்தேன் போர்வையைக் குலைத்திருக்க முடியும் என்று 2005-இல் காப், கிர்ஷ்விங்க் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

மரபணுச் சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது. நம் குடலிலும் நிலத்தடி நீரிலும் வாழும் மெலைனாபாக்டீரியாக்கள் நீலப்பச்சைப் பாசியின் நெருங்கிய உறவினங்கள், ஆனால் அவற்றிடம் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் இல்லை. இரு கிளைகளும் 250 அல்லது 260 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று 2017-இல் ஓர் ஆய்வு கணித்தது. அப்படியானால் பாசியின் ஒளிச்சேர்க்கை அதற்குப் பின் வந்தது. வந்ததும் உலகம் மாறியது. 270 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் பாசியின் கொழுப்புத் தடயம் கிடைத்தது என்று 1999-இல் ஒரு செய்தி பெரிதாக வந்தது நினைவிருக்கும். மிகத் தூய்மையாகத் துளையிட்டு எடுத்த பாறைகளைச் சோதித்த 2015 ஆய்வு, அத்தகைய தடயங்கள் பிற்காலத்தில் வெளியிலிருந்து கலந்த மாசு என்று காட்டிவிட்டது. ஐயம் சிறிதும் இல்லாத மிகப் பழைய பாசிப் புதைபடிவம் கனடாவின் பெல்ச்சர் தீவுகளில் கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள்தாம்.

மேலூர் கல்வெளி:

நெல்வயல் ஐயா என் பதிவை எனக்கு முன்பே எழுதிவிட்டார், அதனால் மீதியை மட்டும் சொல்கிறேன்.

கொழுப்புத் தடயம் போனது உண்மை, அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு வேறு சான்றுகளைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் பொங்கோலாப் பாறைகளுக்கு வயது சுமார் 295 கோடி ஆண்டுகள். அங்கே மாலிப்டினம் ஐசோடோப்புகள், அக்கடலின் ஆழங்குறைந்த பகுதியில் மாங்கனீசு ஆக்சைடு படிந்ததற்கான அடையாளத்தைக் காட்டுகின்றன என்று 2014-இல் பிளானாவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். இரும்பைப் போல மாங்கனீசு எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில்லை, அதற்கு ஆக்சிஜன் போன்ற வலுவான ஒன்று வேண்டும். ஆஸ்திரேலியாவின் தும்பியானாவில் 272 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியில் வளர்ந்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகள், அதாவது பாசிப் படலம் அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய பாறைகள், இருக்கின்றன. அந்த ஏரியில் நீரைத் தவிர வேறு எலக்ட்ரான் மூலம் போதிய அளவு இருந்ததாகத் தெரியவில்லை. மரபணுக் கடிகாரத்தைப் பற்றி, அதாவது மரபணு மாற்றங்களை வைத்துக் கிளைகள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் முறையைப் பற்றி, மட்டும் ஒரு வார்த்தை. ஐயா 2017-ஐ எடுத்துக்காட்டுகிறார். 2021-இல் ஃபூர்னியேவும் உடன் ஆய்வாளர்களும் இன்றைய பாசிக் கிளைகளின் பொது மூதாதை 290 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். கடிகாரத்துக்குக் கடிகாரம் இவ்வளவு வேறுபடும்போது அதை வைத்து யாரும் வழக்கை முடிக்க முடியாது.

பாசி பெருகும் வேகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நீர் அளவின்றிக் கிடைக்கலாம், பாஸ்பரஸ் அப்படிக் கிடைப்பதில்லை. வயலில் பாசி எப்போது நின்றுபோகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாசி வெளியிட்ட ஆக்சிஜனுக்காக எத்தனை வாய்கள் காத்திருந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். எரிமலைகளிலிருந்து ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவை வந்துகொண்டே இருந்தன. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து இரும்பு வந்துகொண்டே இருந்தது. இவற்றின் மொத்த வரத்து ஆக்சிஜன் வரத்தைவிடக் கூடுதலாக இருந்தவரை ஆக்சிஜன் காற்றில் தங்க வழியே இல்லை. காலப்போக்கில் மீத்தேன் மேல் வானில் சிதைந்து, அதிலிருந்த ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப் போனதால் பூமி முழுவதுமே மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்று கேட்லிங், ஸான்லே, மெக்கே ஆகியோர் 2001-இல் காட்டினார்கள். கடலடி எரிமலைகள் குறைந்து நிலத்து எரிமலைகள் மிகுந்ததால் வாயுக்களின் தன்மையே மாறியது என்பது கம்ப், பார்லி ஆகியோரின் 2007 கருத்து. எது முதன்மையான காரணம் என்பதில் சண்டை இருக்கலாம். காரணம் பாறைப் பக்கத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐயாவின் கோட்பாட்டுக்கு எதிரான இன்னொரு செய்தியும் உண்டு. 243 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறிய ஆக்சிஜன் பலமுறை ஏறி இறங்கி, 222 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் நிலைத்தது என்று 2021-இல் பூல்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். ஒரே பாய்ச்சலில் உலகை வென்ற உயிருக்கு 20 கோடி ஆண்டுகள் இந்தத் தள்ளாட்டம் எதற்கு?

ஒத்தக்கடை நெல்வயல்:

பொங்கோலாவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் ஆக்சிஜன் இருந்தது என்ற தருக்கம் இப்போது முன்போல் இறுக்கமானது அன்று. ஆக்சிஜனே இல்லாத நிலையில் ஒளிச்சேர்க்கை நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று மாங்கனீசை ஆக்சிஜனேற்றம் செய்வதை 2019-இல் ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். நீரை உடைப்பதற்கு முன் மாங்கனீசை உடைக்கப் பழகிய ஓர் இடைநிலை உயிர் இருந்திருக்கும் என்று கிர்ஷ்விங்க் குழுவினர் 2013-லேயே சொன்னார்கள். அதற்கு இது வலுச் சேர்க்கிறது. பாஸ்பரஸ் பற்றிய வாதத்தை மறுக்க மாட்டேன், அது கனமான வாதம்.

வைகை வடகரை:

பெரியவர்கள் இருவரும் வரத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் பேசுகிறீர்கள், ஆனால் மிகப் பெரிய செலவை இருவருமே விட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேதியியல் படிக்கும் மாணவன் என்பதால் சமன்பாட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பாசி ஒரு மூலக்கூறு ஆக்சிஜனை வெளியிடும்போது ஒரு கார்பன் அணுவைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. பாசி செத்து அழுகினால் அதே கார்பன் அதே அளவு ஆக்சிஜனைத் திரும்பக் கேட்கும். அப்போது மிச்சம் பூச்சியந்தானே? பாசி இருந்ததா, எப்போது வந்தது என்பதைவிட, செத்த பாசி எங்கே போயிற்று என்பதல்லவா கேள்வி?

ஒத்தக்கடை நெல்வயல்:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. செத்த பாசியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே அழுகாமல் சேற்றோடு புதைகிறது. புதைந்த கார்பனின் பங்குக்கு உரிய ஆக்சிஜன் மட்டுமே காற்றில் நிகர இருப்பாக மிஞ்சுகிறது. பைரைட்டாகப் புதையும் கந்தகமும் இதே கணக்கில் சேரும். நாம் இன்று மூச்சிழுக்கும் ஆக்சிஜன் காட்டு மரங்களின் இவ்வாண்டு விளைச்சல் என்று மேடைகளில் பேசுகிறார்கள். உண்மையில் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் களிமண் பாறைகளில் புதைந்து கிடக்கும் கார்பனுக்கு எதிர்க்கணக்கு.

புதைவதற்கு ஆழங்குறைந்த கடலோரமும் வண்டல் வரத்தும் வேண்டும். கண்டங்கள் கடல்மட்டத்துக்கு மேல் எழுந்து அரிமானம் மிகுந்தது ஏறத்தாழ அதே காலகட்டத்தில்தான் என்பதால், இந்த இடத்தில் கல்வெளி ஐயாவுக்குப் பாதி வழி விட்டுக்கொடுக்க நேர்கிறது. மீதிப் பாதியை விடமாட்டேன்.

பசுமலை ஆசிரியை:

மிக்க நன்றி. முதல் வாக்கியத்தில் பாசி ‘தோன்றி’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம். இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதோடு ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்துப் பாறை ஒன்றை மாணவியர் நேரில் பார்க்க விரும்புகிறார்கள். யானைமலைக்கோ அரிட்டாபட்டிக்கோ அழைத்துப் போனால் ஏதேனும் காட்ட முடியுமா?

மேலூர் கல்வெளி:

யானைமலையைக் கண்குளிரப் பாருங்கள், ஆனால் இந்தக் கேள்விக்கு அங்கே விடை தேடாதீர்கள். நம் வட்டாரத்தின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் மிக ஆழத்தில் வெந்து மீண்டும் படிகமானவை. மதுரைப் பாறைத் தொகுதியின் பல இடங்களில் அந்த வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நுண்ணுயிரின் உருவமோ படிவின் அடுக்கோ அதில் மிஞ்ச வாய்ப்பில்லை. வடக்கே சேலத்துக்குப் போனால் கஞ்சமலை இருக்கிறது. அதுவும் வெந்த பாறைதான் என்றாலும், காந்தத்தில் ஒட்டும் கரிய மேக்னடைட்டும் வெளிர் குவார்ட்சும் மாறி மாறி வரும் பட்டைகள் அங்கே இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. இரும்பு கரைந்த கடலில் படிந்த வரி இரும்புப் பாறை அது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பு ஆலைக்குத் தாது போனது சேலம் வட்டாரத்திலிருந்துதான்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். இரும்பு துருவாகிப் படிந்தது என்பதன் வேதியியல் நம் ஊரில் பலருக்கும் பழக்கமானதே. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்தபோது தெளிவாக இருக்கும் தண்ணீர், தொட்டியில் சிறிது நேரம் நின்றதும் செம்மஞ்சளாகி அடியில் வண்டல் கட்டும். நீரில் கரையும் ஃபெர்ரஸ் இரும்பு, காற்று பட்டதும் கரையாத ஃபெர்ரிக் இரும்பாகிறது. பழங்கடலிலும் இதுவே நடந்தது என்று எழுதுவது எளிது, படிப்பவருக்கும் உடனே பிடித்துப்போகும். அதனால்தான் நான் அதை நம்பத் தயங்குகிறேன்.

காலவரிசையைப் பாருங்கள். கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழைய வரி இரும்புப் பாறை இருக்கிறது. அப்போது காற்றில் ஆக்சிஜன் இல்லை. நீரை உடைக்கும் பாசி இருந்ததாக நானே சொல்லத் துணிய மாட்டேன். உலகிலேயே மிகப் பெரிய படிவுகளில் ஒன்றான மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லியில் பெரும்பகுதி 260 முதல் 245 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது, அதாவது கந்தகத் தடயம் மறைவதற்கு முன்பே. ஆக்சிஜன் ஏறிய பின் இரும்புப் படிவு பெருகவில்லை, குறையத்தான் செய்தது. பின்னர் 188 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிப் பகுதியில் ஒரு முறையும், சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியுறைவுக் காலத்தில் ஒரு முறையும் தலைகாட்டியது. ‘ஆக்சிஜன் வந்தது, இரும்பு படிந்தது’ என்ற ஒற்றை வரியில் இந்த வரலாறு அடங்காது.

ஆக்சிஜன் இல்லாமலே இரும்பைத் துருவாக்க வழி உண்டு. ஒளியைக் கொண்டு ஃபெர்ரஸ் இரும்பிலிருந்து நேராக எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும் பாக்டீரியாக்களை 1993-இல் விட்டெல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பழங்கடலின் ஒளி படும் அடுக்கில் அவையே இரும்பைப் படிய வைத்திருக்கலாம். புற ஊதாக் கதிரே அதைச் செய்தது என்ற பழைய கருத்தும் உண்டு. ஆனால் கடல்நீரில் இருந்த மற்ற பொருள்களையும் சேர்த்துச் செய்த சோதனைகளில் அது போதிய வலுவோடு நிற்கவில்லை. ஆகவே பலகையில் ‘ஒளிச்சேர்க்கை உயிர்களால் இரும்பு படிந்தது’ என்று எழுதினால் பெரிய பிழை வராது. ‘ஆக்சிஜனால்’ என்று எழுதினால் இசுவாவிற்கு விடை சொல்ல வேண்டும்.

ஒத்தக்கடை நெல்வயல்:

இசுவாவை வைத்து எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். இசுவாவின் படிவு ஹேமர்ஸ்லியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஹேமர்ஸ்லி அளவுக்கு ஒரு படிவு குவிந்ததும் அதை அடுத்தே காற்றில் ஆக்சிஜன் ஏறியதும் தற்செயல் என்று கல்வெளி ஐயா சொல்கிறாரா? கடல்நீரில் ஆக்சிஜன் முதலில் இரும்பில் செலவாகி, இரும்பு தீர்ந்த பிறகு காற்றுக்கு ஏறியது என்றால் இதே காலவரிசை எனக்கும் சாதகமாகத்தான் இருக்கிறது. இரும்பு உண்ணும் பாக்டீரியாக்களும் பாசியும் ஒரே கடலில் வெவ்வேறு ஆழத்தில் இருந்திருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வைகை வடகரை:

மூன்றாவது வாக்கியத்தை முழுவதுமாக நீக்கிவிடுங்கள் டீச்சர். பூமியின் முதல் பேரழிவு, ஆக்சிஜன் படுகொலை என்றெல்லாம் காணொளிகளில் சொல்கிறார்கள். இந்தச் சித்திரத்தைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ். உயிர்களின் கூட்டுவாழ்வைப் பற்றி அவர் சொன்னது பெரிய உண்மை, ஆனால் இந்தப் பேரழிவுக்குச் சான்று எங்கே? டைனோசர்கள் அழிந்ததை எலும்பு சொல்கிறது. 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை எலும்போ ஓடோ இல்லாத நுண்ணுயிர்கள். எத்தனை இனங்கள் இருந்தன, எத்தனை மறைந்தன என்று எண்ணுவதற்கு நம்மிடம் ஏடே இல்லை. முதலில் ஏறிய ஆக்சிஜனும் மிகக் குறைவு, அதுவும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஏறியது. அந்தக் காலத்தில் ஒரு பாக்டீரியா எத்தனை தலைமுறை காணும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதைப் படுகொலை என்று சொல்ல வாய் வராது.

காற்றில்லா உயிர்கள் ஒழிந்தும் போகவில்லை. வண்டியூர்க் கண்மாயில் தூர்வாரும்போது வரும் கருஞ்சேற்றை முகர்ந்து பார்த்தவருக்கு அவை எங்கே இருக்கின்றன என்பது தெரியும். அந்தக் கரம்பையை வயலில் பரப்பினால் சில நாளில் கறுப்பு மாறிப் பழுப்பாகிறது, அதுவரை அதற்குள் ஆக்சிஜன் நுழையவில்லை என்று பொருள். மாட்டின் இரைப்பையிலும் தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் மீத்தேன் உண்டாக்குபவை அவற்றின் வழித்தோன்றல்களே.

ஒத்தக்கடை நெல்வயல்:

எண்ண முடியவில்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா தம்பி? ஆக்சிஜன் செல்லுக்குள் நுழைந்தால் சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. பழைய நொதிகள் பலவற்றின் மையத்தில் இருந்த இரும்பு-கந்தகக் கொத்துகளை அவை நேராகத் தாக்கும். ஃபெர்ரஸ் இரும்பு மிகுந்த கடல்நீரில் பெராக்சைடு சேர்ந்தால் அதைவிடக் கொடிய ஹைட்ராக்சில் பிறக்கும். அன்றைய கடலில் பாசிப் படலத்தின் அருகே வாழ்வது எளிதாக இருந்திருக்காது. இன்று காற்றில் வாழும் உயிர்களில் பெரும்பாலானவற்றிடம் இவற்றைச் சிதைக்கும் நொதிகளான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸும் கேட்டலேஸும் இருப்பது அந்த நெருக்கடியை உயிர்கள் கடந்துவந்ததன் தடயம்.

ஆக்சிஜன் நேரடியாகக் கொன்றதைவிடக் குளிரால் கொன்றது கூடுதலாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அன்று சூரியன் இன்றைய ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே கொண்டிருந்தது. அந்நிலையிலும் கடல் உறையாமல் இருந்ததற்கு மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் காரணம். ஆக்சிஜன் மீத்தேனை எரித்துத் தீர்த்ததும் போர்வை விலகியது, பூமி பனியில் உறைந்தது. அக்காலத்தில் வெப்பமண்டல அகலாங்கில் இருந்த தென்னாப்பிரிக்க நிலத்தில் மக்கன்யேன் பனியாற்றுப் படிவுகள் இருப்பதை 1997-லேயே காட்டிவிட்டார்கள்.

மேலூர் கல்வெளி:

பனியுறைவு நடந்தது உண்மை. கனடாவின் ஹியூரன் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பனிப்படிவுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் முதலாவது, ஆக்சிஜன் நிலைபெறுவதற்கு முன்பே தொடங்கியதாகத் தெரிகிறது. காரணமும் விளைவும் எந்த வரிசையில் வந்தன என்பது உறுதிப்படாதவரை, மீத்தேன் எரிந்ததால்தான் பனி வந்தது என்பதை ஒரு கருதுகோளாக மட்டும் மாணவியருக்குச் சொல்லுங்கள்.

உயிர்ப்பெருக்கம் சரிந்ததற்கான அளவிடக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஏற்றத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது அன்று. பெல்ச்சர் தீவுகளின் பேரைட் என்னும் பேரியம் சல்ஃபேட் கனிமத்தில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளிச்சேர்க்கையின் மொத்த விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது என்று 2019-இல் ஹாட்ஜ்ஸ்கிஸ் குழுவினர் எழுதினார்கள். சத்துப் பொருள்கள் குறைந்ததே காரணம் என்பது அவர்கள் கருத்து. நச்சு வாயுக் கதையைவிட எனக்கு இது நம்பத்தக்கதாகப் படுகிறது.

கடலில் நடந்த உண்மையான மாற்றம் கந்தகத்தில் இருக்கிறது, அதைப் பலகையில் யாரும் எழுதுவதில்லை. காற்றில் ஆக்சிஜன் வந்ததும் நிலத்துப் பைரைட் சிதைந்து சல்ஃபேட்டாகி ஆறுகள் வழியே கடலுக்குப் போயிற்று. அதற்கு முன் கடலில் சல்ஃபேட் லிட்டருக்குச் சில மைக்ரோமோல் அளவே இருந்தது. இன்று 28 மில்லிமோல், அதாவது பல ஆயிரம் மடங்கு, இருக்கிறது. ரஷ்யாவின் கரேலியாவில் ஒனேகா ஏரிப் பகுதியில் ஆழத்துளையிட்டபோது, 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் வற்றிப் படிந்த உப்பும் சல்ஃபேட்டும் கொண்ட ஏறத்தாழ 800 மீட்டர் தடிமனான படிவு கிடைத்தது. அக்கடலில் சல்ஃபேட் எவ்வளவு மிகுந்திருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

பசுமலை ஆசிரியை:

மூன்றாவது வாக்கியத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் சல்ஃபேட்டைப் பற்றி எழுதச் சொல்கிறேன். கடல் அதற்குப் பின் இன்றைய கடலைப் போல ஆகிவிட்டது என்று முடிக்கலாமா?

மேலூர் கல்வெளி:

முடிக்கக் கூடாது. மேல் அடுக்கில் ஆக்சிஜன் கரைந்தது, ஆழ்கடல் அதற்குப் பின்னும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆக்சிஜனின்றிக் கிடந்தது. நிலத்திலிருந்து வந்த சல்ஃபேட்டைச் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்ற, 180 கோடி ஆண்டுகளுக்கு முன் இரும்புப் படிவு நின்றதற்கு அந்தச் சல்ஃபைடே காரணம் என்று கேன்ஃபீல்டு 1998-இல் முன்மொழிந்தார். சல்ஃபைடு கடலோரங்களில் மட்டும் நிறைந்திருந்தது, நடுக்கடலின் ஆழத்தில் இரும்பே நீடித்தது என்பது பின்னர் வந்த திருத்தம். சல்ஃபைடு மிகுந்தால் மாலிப்டினம் கடலிலிருந்து நீங்கிவிடும். நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். அந்தப் பஞ்சத்தால்தான் பாசியும் அதற்குப் பின் வந்த உயிர்களும் அவ்வளவு நீண்ட காலம் தேங்கி நின்றன என்று ஆன்பாரும் நோலும் 2002-இல் சொன்னார்கள். பாசியின் கைவண்ணத்துக்கு எல்லை வகுத்தது மீண்டும் பாறையிலிருந்து வரும் ஒரு தனிமம் என்பதை நெல்வயல் ஐயா கவனிக்க வேண்டும்.

ஒத்தக்கடை நெல்வயல்:

கவனித்தேன், ஏற்கவில்லை. நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதியைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். அசோலா என்னும் நீர்ப்பெரணியின் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியான அனபீனா, அந்த நொதியை ஆக்சிஜனிடமிருந்து காப்பதற்காகவே ஹெட்டிரோசிஸ்ட் என்னும் தடித்த சுவருடைய தனிச் செல்களைக் கட்டிக்கொள்கிறது. தானே வெளியிட்ட வாயுவைத் தானே சமாளிக்கக் கற்ற உயிர் அது. மாலிப்டினக் குறைவைப் பொறுத்தவரை, 320 கோடி ஆண்டுப் பழைய பாறைகளின் நைட்ரஜன் ஐசோடோப்புகளிலேயே மாலிப்டினம் கொண்ட நொதியின் அடையாளம் தெரிகிறது என்று 2015-இல் ஸ்டூக்கென் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜன் ஏறுவதற்கு 80 கோடி ஆண்டுகள் முன்பு, நிலத்திலிருந்து மாலிப்டினம் அரித்து வருவதே அரிதாக இருந்த கடலில், அந்த நொதி வேலை செய்திருக்கிறது. அவ்வளவு குறைவான வரத்தில் பிழைத்த ஒன்று, பின்னர் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்த காலத்தில் பஞ்சத்தால் முடங்கியது என்றால் அதற்குக் கல்வெளி ஐயாதான் விளக்கம் தர வேண்டும்.